மதிலுக்கு அப்பால் சிக்னல்

2008ஆம் ஆண்டு. வவுனியாவில் விடியும்போதே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். நஃப்லா வீட்டில் தனியாக இருந்தாள். கடைக்குத் துணி எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்த கணவன் இன்சாப் அன்று பின்னேரம் பஸ் ஏறுவதாக இருந்தது. அவனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. பின்னாலிருந்து யாராவது ‘நில்’ என்றால் அவன் நடந்துகொண்டே இருப்பான். அப்படி நடந்த ஒருவரைப் போன கிழமைதான் சந்தியில் சுட்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி, கொழும்பில் இன்சாப் தங்கியிருந்த வீட்டு மச்சானுக்கு, அவனை அனுப்ப வேண்டாமென்று மெயில் போட்டாள். மச்சான் வாசலை மறித்தான். இன்சாபுக்கு வாசிக்கத் தெரியாது. வீட்டில் ஏதோ நடந்துவிட்டதென்று நினைத்து உடனே வெளிக்கிட நின்றான். அவனுடைய கைப்பாஷை நஃப்லாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுடைய கம்ப்யூட்டரில் கமெரா இருந்தது. இன்டர்நெட் ஞானேஸ்வரி வீட்டிலிருந்து மதிலுக்கு மேலால் வயரில் வந்துகொண்டிருந்தது. இரண்டு நாளைக்கு முன் சோதனைக்கு வந்தவர்கள் அந்த வயரை அறுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வாங்கிப் பூட்டிய வயர்லெஸ் கார்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கேள்விக்குறிதான் நின்றது.

“கார்டை இயக்கிற டிரைவர் புரோகிராம் இல்லையாம், அக்கா. இன்டர்நெட்டில எடுக்கச் சொல்லுது,” என்றாள் நஃப்லா, மதிலோடு ஒட்டி நின்று.

“இன்டர்நெட் எடுக்கத்தானே அந்தக் கார்டே. பொறு, நான் இறக்கித் தாறன்.”

ஷொப்பிங் பையில் சுற்றிய பென் டிரைவ் மதில் தாண்டி விழுந்தது. போட்டுப் பார்த்தாள். கேள்விக்குறி போகவில்லை.

“பெட்டியில கிடக்கிற பேரை நம்பாதை. கார்டைக் கழட்டி, அந்தக் கறுப்புச் சிப்பில என்ன நம்பரெண்டு பார்த்துச் சொல்லு.”

கழற்றினாள். வெயிலில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஒழுங்கையில் ராணுவச் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மதிலின் இரு புறமும் இருவரும் குந்தினார்கள். சத்தம் வாசல் படலையடியில் நின்றது. நஃப்லா உள்ளங்கைக்குள் கார்டைப் பொத்திக்கொண்டாள். கனநேரம் கழித்துத்தான் சத்தம் நகர்ந்தது.

“மிச்சத்தைச் சொல்லு,” என்றாள் ஞானேஸ்வரி, இரகசியக் குரலில்.

இரண்டாம் முறை வந்த டிரைவரைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. சிக்னல் இரண்டு கோடுதான். அது போதுமாக இருந்தது. விட்டுவிட்டு அசைந்த படத்தில், மச்சான் வீட்டுக் கமெராவுக்கு முன்னால், தோளில் பையோடு இன்சாப் நின்றான்.

அவள் கைகளைத் தூக்கினாள். நான் நல்லா இருக்கிறன். இங்க வராதீங்க. சுடுறாங்க.

அவன் அவளையே பார்த்தான். பிறகு பையைக் கீழே இறக்கினான்.

எப்ப வரலாம், என்று கையால் கேட்டான்.

நஃப்லாவின் கைகள் மேசையிலேயே கிடந்தன. படம் உறைந்துவிட்டது என்று எண்ணி, அவன் மறுபடியும் கேட்டான்.