ஏசி நல்லா குளிருது

அந்த இரும்புப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டு இரண்டு ஆண்பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். ஒருவன் அவள் கட்டிக்கொண்டது, மற்றவன் கூடப் பிறந்தது. இரண்டில் ஒன்றாவது தேறும் என்று இத்தனை நாள் நம்பியது அவள் தப்புதான்.

தம்பிக்குத் தெருவில் டைரக்டர் என்று பெயர். படம் எடுத்தவனில்லை; திருட்டுப் படம் ஒன்று விடாமல் பார்த்தவன். பார்த்த படத்திலெல்லாம் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்களே, அது மட்டும் அவன் கண்ணில் படவில்லை. பச்சை கேட் வீட்டுக்காரர் மரக்கடை முதலாளி, குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார், பட்டப்பகலில் ஏணியோடு போகிற ஏசி மெக்கானிக்கை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இவ்வளவுதான் திட்டம். நிஜ ஏசி மெக்கானிக்கான புருஷனும் தலையாட்டியிருக்கிறான். அவனுக்குத் தலை எதற்கு இருக்கிறது, ஆட்டத்தானே.

கேள்வி கேட்கத்தான் இல்லை. பச்சை கேட்டுக்கு எதிர்வீட்டம்மா மட்டும், "நம்ம வீட்டுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றாளாம்.

தம்பி ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பியதில் பூட்டு உடைந்து, மூடியும் கோணிக்கொண்டது. உள்ளே நகை இல்லை. துணியில் சுற்றிய இரண்டு துப்பாக்கிகள். நாலைந்து பாஸ்போர்ட்டுகள், எல்லாவற்றிலும் ஒரே முகம், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மரம் விற்க இவ்வளவு பெயர் எதற்கு?

டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, இது நம்ம லெவல் இல்ல" என்றான்.

"உங்க லெவல் என்னன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள் அவள். "கைரேகை?"

"என்னக்கா நீ. கிளவுஸ் போட்டுட்டுத்தான் போனோம்." வாங்கிய கடையின் பெயரைச் சொல்லக்கூடத் தயாராக இருந்தான்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சீலிங் ஃபேனைப் பார்த்தான். அவன் ஃபேனைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று கல்யாணமான முதல் மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வேற எதத் தொட்டீங்க?"

"மச்சான் பீரோவ நோண்டிட்டு இருந்தான். ஏசில தண்ணி சொட்டிட்டே இருந்துச்சு. சும்மாதானே நிக்கறோம்னு ஃபில்டர கழுவி மாட்டினேன்."

"மாட்டிட்டு?"

அவன் பார்வை மறுபடியும் ஃபேனுக்குப் போனது. வேலை முடிந்தால் ஸ்டிக்கர் ஒட்டாமல் ஏணியை விட்டு இறங்குகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. பெயர், விலாசம், போன் நம்பர், கீழே 'உங்கள் சேவையில்'. மாமியார் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். பேட்டரி மாற்றிய பாவத்துக்குச் சுவர்க் கடிகாரத்திலும் ஒட்டியிருக்கிறான்.

"கிளவுஸோட ஸ்டிக்கர் உரிக்க வருமா?"

"வராது. கழட்டிட்டுத்தான்."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் சிரிக்கவில்லை, சிரித்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. பெட்டியைத் தேடி வரப்போகிறவர்கள் இவர்கள் மூன்று பேரையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். இவள் ஸ்டிக்கர் ஒட்டாதவள், தனியாக நிறுத்துவோம் என்றா யோசிப்பார்கள்?

"இப்பவே போய்ப் பிச்சுட்டு, பெட்டியையும் வெச்சுட்டு வந்துடறேன்" என்று புருஷன் ஏணியைத் தோளில் தூக்கினான். அப்போது போன் அடித்தது. இரண்டு வீரர்களும் அதைத் தொடவில்லை. அவள்தான் எடுத்தாள்.

"ஏசி மெக்கானிக் வீடுங்களாம்மா?" வயதான, சாந்தமான குரல்.

"ஆமாங்க."

"போன வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சு, இப்பதான் வந்து எறங்கினோம். ரூம் நல்லா குளிருதும்மா. இதுவரைக்கும் யாரும் இப்படிப் பண்ணித் தரல."

"அவர இப்பவே அனுப்பறேங்க. எல்லாத்தையும் குடுத்து..."

"வேணாம்மா. வெயில்ல எதுக்கு அலையணும். அதான் விலாசம் போட்டிருக்கே. நாங்களே வரோம்."

தம்பி மறுபடியும் கிளவுஸை மாட்டிக்கொண்டு, மூடாத மூடியை மூடப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கதவில் இருந்தது இருப்பதிலேயே பெரிய ஸ்டிக்கர். சுரண்டினாள். பெயர் துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது. நம்பர் அசையவில்லை.

"அது வராது" என்றான் புருஷன் பின்னாலிருந்து, ஏணி இன்னும் தோளில் இருக்க. "நல்ல பசை." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பி, வீட்டு எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக வந்தது. எதிர்வீட்டு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் 'உங்கள் சேவையில்' மேல் கத்தியை வைத்து அழுத்தினாள்.