போர்டும் ரெண்டாவது வெடியும்

பொன்னவ்வா காலையில் ஒரு வாய் காப்பி குடித்தாள், இன்றைக்கும் மழைதானா என்று கேட்டாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், போய்விட்டாள். எண்பத்திரண்டு வயது. சாவில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியில்தான் இருந்தது. நல்ல ரெட்டைக் குழல் துப்பாக்கி. ஆனால் மகன் குட்டய்யா வீடெல்லாம் துழாவிப் பார்த்ததில் அகப்பட்டது ஒரே ஒரு தோட்டா.

குடகில் ஆண்பிள்ளை பிறந்தால் ஒரு வெடி; ஆள் செத்தால் அடுத்தடுத்து ரெண்டு. வயலில் நாற்று நடுகிறவள் முதல் வெடி கேட்டதும் நிமிர்ந்து நிற்பாள். இன்னொன்று வராவிட்டால் சிரித்துக்கொண்டே மறுபடி குனிவாள். வந்துவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு கரையேறுவாள். சாவு வீட்டில் ஒற்றைத் தோட்டாவை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? வெடித்தால், பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஊரே பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

ஊர்க்காரர்களுக்காவது ஆள் விட்டுச் சொல்லிவிடலாம். ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்ட தங்கை நீலக்கிக்கு யார் போய்ச் சொல்வது? கக்கட மாதம், அதாவது ஆடி; வெள்ளம் கரையை முட்டிக்கொண்டு ஓடுகிறது. படகுக்காரன் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் நீலக்கி அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள்: "வெள்ளத்துல அவ்வாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால வர முடியாது. வெடியாவது என் காதுல விழணும். அவ்வா எரியற நேரத்துல நான் மீன் குழம்பு ஊத்திச் சோறு தின்னுட்டு இருக்கக் கூடாது அண்ணா."

அந்த மீன் குழம்புதான் குட்டய்யாவின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டுப் பார்த்தான். யாரிடமும் இல்லை. நடவு முடிகிறவரை துப்பாக்கியை மூலையில் சாத்திவைப்பதுதான் வழக்கம். ஆயுத பூஜை நெருங்கும்போதுதான் தோட்டா வாங்குவார்கள். வேறு வழியில்லை. சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஓலைக் குடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குட்டய்யா பேட்டைக்கு நடந்தான். மூன்று மைல், முழங்கால்வரை அட்டை.

பேட்டையில் தோட்டா விற்க லைசென்ஸ் உள்ள கடை ஒன்றுதான், மொய்துவின் கடை. குட்டய்யா படியேறும்போதே மொய்து எழுந்து நின்றுவிட்டான். அவனுக்குச் சேதி எட்டியிருந்தது.

"குட்டய்யண்ணா, கேள்விப்பட்டேன். என் கையால எத்தனை வெல்லம் வாங்கித் தின்ன தாய். தோட்டா பெட்டி பெட்டியா இருக்கு. ஆனா..."

"என்ன ஆனா?"

"போர்டு இல்லையே."

"அதோ சுவத்துல சாஞ்சு நிக்குதே, அது என்ன, உன் மாமனார் படமா?"

"அது போர்டுதான். ஆனா போர்டு இன்னும் பாக்கலை."

"எந்த போர்டுடா?"

"போர்டுதான் அண்ணா. போர்டு பாத்தாத்தானே போர்டை மாட்ட முடியும்?"

குட்டய்யாவுக்குத் தலை சுற்றியது. உங்களுக்கும் சுற்றும். விஷயம் இதுதான். சித்திரையில் துரைத்தனத்திலிருந்து ஒரு புது விதி வந்தது. தோட்டா விற்கிற கடை வாசலில் லைசென்ஸ்காரன் பேர் எழுதிய பலகை தொங்க வேண்டும். மேலே இங்கிலீஷ், கீழே கன்னடம், எழுத்து ரெண்டு அங்குல உயரம். பலகை தொங்காத நேரத்தில் விற்றால் லைசென்ஸ் போச்சு. அந்தப் பலகையைப் பேட்டையை நிர்வகிக்கிற போர்டு கூடிப் பார்த்து, முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். மொய்துவும் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தான். ஆடிக் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கருவாட்டுக் கடைக் கூரையில் ரெண்டாகப் பிளந்துவிட்டது. புதுசு எழுதி மூன்று வாரம் ஆகிறது. போர்டு கூடவில்லை. துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸே வேண்டாம் என்று குடவர்களுக்குத் துரைகளே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளலாம், துடைக்கலாம், பூப்போட்டுக் கும்பிடலாம். அதற்குள் போடுகிற தோட்டாவுக்குத்தான் பலகை தொங்க வேண்டுமாம்! இதற்கு எங்கே போய் முட்டிக்கொள்வது?

"ஒண்ணே ஒண்ணு குடுடா. யாருக்குத் தெரியப் போகுது?"

மொய்து கண்ணால் எதிர்த் திண்ணையைக் காட்டினான். போர்டு ஆபீஸ் கிளார்க் சேஷராயர் அங்கே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் ஒழுகுகிறது என்று மூன்று வாரமாக மொய்து கடைக்கு எதிரிலேயே அவர் ஜாகை. நல்ல காவல்!

குட்டய்யா அவரிடம் போனான். கும்பிட்டான். தாய் கிடக்கிறாள், வீட்டில் ஒரே தோட்டாதான் இருக்கிறது என்றான். ராயர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"அய்யோ பாவம். புண்ணியவதி. நான் என்ன பண்றது சொல்லுங்கோ? போர்டு கூடணும்னா மூணு தலை வேணும். துரை ஊட்டிக்குப் போயிட்டார். இன்னொருத்தர் மைசூர்ல மக கல்யாணத்துல இருக்கார். மிச்சம் இருக்கிறது பிரசிடெண்ட் செங்கப்பா ஒருத்தர்தான். ஒரு தலை எப்படிக் கூடும்?"

"அப்போ அந்தப் பலகையை நான் கையில பிடிச்சுட்டு வாசல்ல நிக்கறேன். அவன் விக்கட்டும்."

"விதியில 'தொங்க வேண்டும்'னு இருக்கே."

"நானே தொங்கறேன்யா!"

ராயர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். உங்ககிட்ட ஒரு தோட்டா இருக்குன்னேளே. அதை வெடிச்சுட்டு, ரெண்டாவதை வாயால கத்திச் சொல்லிடுங்கோளேன்."

ராயர் பிழைத்தது பொன்னவ்வா செய்த புண்ணியம். குட்டய்யாவின் கை இடுப்புக் கத்திமேல் போய்விட்டுத் திரும்பி வந்தது.

அப்போதுதான் குதிரை வண்டி வந்து நின்றது. இறங்கினவர் சாட்சாத் பிரசிடெண்ட் செங்கப்பா. மேட்டு வீட்டுக்காரர், குட்டய்யாவைவிடப் பத்து வயது மூத்தவர், விதி வந்த அன்றே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர். முகமெல்லாம் சிரிப்பு.

"மொய்து! மூணு பொண்ணுக்கு அப்புறம் இன்னிக்குக் காலைல பேரன் பொறந்திருக்கான்டா! எடு ஒரு தோட்டா!"

ராயர் வெற்றிலையை விழுங்கிவிட்டார். கடைசியில் அவர்தான் மெல்ல எழுந்து, "பிரசிடெண்ட் அவாளே, போர்டு இன்னும்..." என்று இழுத்தார்.

"எந்த போர்டு?"

"நாமதான். நாம இன்னும் அதைப் பாக்கலை."

செங்கப்பா பலகையைப் பார்த்தார். "இப்போ பாத்துட்டேனே!"

"நீங்க பாத்தா நீங்க பாத்ததுதான். போர்டு பாத்ததா ஆகாது. நீங்களே போட்ட கையெழுத்து. வேணும்னா எடுத்துண்டு வந்து காட்டறேன்."

செங்கப்பா கத்தினார். மழைக்கு மேலே கேட்கக் கத்தினார். மூக்கு சிவந்து கடைசியில் அவரும் ஓய்ந்து, மூட்டைமேல் குட்டய்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தான் தோண்டின குழியில் தானே விழுந்த மனுஷனைப் பார்த்தால் ஒரு சந்தோஷம் வரவேண்டும். குட்டய்யாவுக்கு வரவில்லை. வீட்டில் தாய் கிடந்தாள்.

மொய்து ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். மடியை அவிழ்த்தான். "இது கடைச் சரக்கு இல்லை. காட்டுப் பன்றி வந்தா விரட்டறதுக்குன்னு நான் வெச்சிருக்கிற சொந்தத் தோட்டா. விக்கலை, சும்மா குடுக்கறேன். ஆனா ஒண்ணுதான் இருக்கு."

ராயர் கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். கடைக்குள் ரெண்டு கை நீண்டது.

"அண்ணா," என்றான் குட்டய்யா. "அவ்வா போயிட்டா. என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. இது கிடைச்சா ரெண்டாயிடும். அக்கரையில நீலக்கி இருக்கா."

செங்கப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பொன்னவ்வாவா? எனக்குத் தெரியாதேடா..." என்றார். ஆனால் கையை மடக்கவில்லை. "மூணு பொண்ணுக்கு அப்புறம்டா, குட்டய்யா."

மொய்து என்ன செய்வான்? அவன் லைசென்ஸ் வருஷா வருஷம் போகிறது அந்தக் கைக்குத்தான். தோட்டாவை அந்தக் கையில் வைத்துவிட்டுக் குட்டய்யாவைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

குட்டய்யா வீடுவரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தான். செங்கப்பாவைத் திட்டினான், அந்தக் குழந்தையைத் திட்டினான், பிறகு பிறந்த பிள்ளையைத் திட்டிவிட்டோமே என்று தன்னையே திட்டினான். வீட்டில் பொன்னவ்வாவைக் குளிப்பாட்டி வெள்ளைப் புடவை கட்டி நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கூப்பிட்ட வீட்டுக்காரர்கள் இருபது பேர் இருந்தார்கள். எண்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தவளுக்கு இருபது பேர்!

மழை கொஞ்சம் விட்டது. பெரியவர் ஒருத்தர், "எடுக்கலாமா?" என்றார்.

குட்டய்யா துப்பாக்கியை இறக்கினான். அவன் பெண்டாட்டி பாரு ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வேண்டாங்க. ஒண்ணு வெடிச்சா ஊர் சிரிக்கும். நீலக்கி பிள்ளை பொறந்திருக்குன்னுதானே நினைப்பா."

"இந்த வீட்டுல பிள்ளை பெத்துக்க யாருடி இருக்கா? நீயா? அம்பது வயசுல? அவளுக்குக் கொஞ்சமாவது மூளை இருந்தா புரிஞ்சுக்குவா!"

"புரியலைன்னா?"

குட்டய்யா முற்றத்தில் இறங்கி, குழலை வானத்துக்குத் தூக்கினான். வெடித்தான்.

சத்தம் மலையில் மோதி ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனது. கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எல்லோர் காதும் வழக்கப்படி அடுத்ததற்குக் காத்திருந்தது. வராது என்று தெரிந்த குட்டய்யாவின் காதும் காத்திருந்தது. அவன் துப்பாக்கியைக் கீழே இறக்கினான். அவ்வா, உன் மகன் கையாலாகாதவன் என்று சொல்ல வாயெடுத்தான்.

மேட்டு வீட்டுப் பக்கமிருந்து ரெண்டாவது வெடி கேட்டது.

ஒரு மூச்சுதான் இடைவெளி. பாரு வாயைப் பொத்திக்கொண்டாள். அரைமணி நேரத்தில் வரப்பெல்லாம் ஆட்கள். சேற்றுக் காலோடு, ஓலைக் குடையோடு, நாலா பக்கமிருந்தும் வந்தார்கள். தெற்குச் சரிவுக்காரர்கள், யாரும் சொல்லியனுப்பாதவர்கள், தலையைக் குனிந்தபடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, தொப்பலாக நனைந்து செங்கப்பா வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஏன்டா, ஒரு வெடி வெடிக்க இவ்வளவு நேரமா? மத்தியானத்துல இருந்து முற்றத்துல நிக்கறேன். விசையில இருந்து விரலை எடுக்கலை. கஞ்சிகூடக் குடிக்கலை. இதோ வெடிப்பான், இதோ வெடிப்பான்னு காதைத் தீட்டி வெச்சுட்டு... ஈரத்துல என் முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"அண்ணா, உங்க பேரனுக்கு?"

"அவனுக்கு என்ன அவசரம்? இப்பதானே வந்திருக்கான்." செங்கப்பா செருப்பைக் கழற்றினார். "வழி விடு, நான் பாக்கணும்." உள்ளே போய்ப் பொன்னவ்வாவின் காலடியில் தலை வைத்து அவர் அழுத அழுகையில் குட்டய்யாவுக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. போக இடமில்லாமல் கொஞ்சம் அந்தப் பலகைமேல் மட்டும் நின்றது.

ஒன்பதாம் நாள் போர்டு கூடியது. மூன்று தலையும் பலகையைப் பார்த்தன. எழுத்து சரி, கன்னடம் சரி, ஆனால் ஆணி துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு முத்திரை வைத்தன. மொய்து ஆணி அடித்து முடிப்பதற்குள் குட்டய்யா படியில் நின்றான். ஒரு தோட்டா வாங்கினான். நேராக மேட்டு வீட்டுக்கு நடந்து, முற்றத்தில் நின்று, செங்கப்பாவின் பேரனுக்காக ஒற்றை வெடி வெடித்தான். குழந்தை வீறிட்டு அழுதது. ஒன்பது நாள் கழித்துப் பிறந்திருக்கிறான் என்று ஊர் அவனை இன்றுவரை கேலி பண்ணுகிறது.

பதினோராம் நாள் வெள்ளம் வடிந்தது. கருமாதிக்குப் படகில் வந்து இறங்கினாள் நீலக்கி. அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தாள். குட்டய்யாவுக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டான்.

"வெடி கேட்டுச்சா தங்கச்சி?"

"கேட்டுது அண்ணா. ரெண்டும் கேட்டுது. சோத்துப் பானையை அப்படியே இறக்கி வெச்சுட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதல் வெடி நம்ம வீட்டுல கேட்டுது. ரெண்டாவது கொஞ்சம் தள்ளி, மேட்டுப் பக்கம் கேட்டுது. அவ்வா அதுக்குள்ள கெளம்பிட்டா, நடந்து போயிட்டே இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."