பொழுது சாயும்வரை துக்கம்

"போர்முனையில் நிற்கும் வீரன் இந்த நாட்டின் வாள் என்றால், வீட்டில் காத்திருக்கும் அவன் மனைவிதான் இந்த நாட்டின் கோட்டை. வாள் உடையலாம். கோட்டை ஒருநாளும் விழாது!" என்று குழியின் தலைமாட்டில் நின்று முழங்கினார் கர்னல் ஹாடிக்ஸ். பிறகு உள்ளங்கையில் மறைத்திருந்த சிறு அட்டையைப் பார்த்துவிட்டு, "இல்லையா, ரெஜினா?" என்றார்.

ரெய்னா தலையாட்டினாள். பெயரைத் திருத்தினால் அதற்கு ஒரு மன்னிப்பு உரை வரும். அதற்கு நேரமில்லை.

குழிக்குள் இறங்கக் காத்திருந்தவர் அவளுடைய மாமனார் மில்டன் கெஸ்லர். கிளீவ்லாண்டில் வாழ்நாளெல்லாம் மெத்தை விற்றவர். மகன் ஜோயல் ராணுவத்தில் மேஜர் என்பதைத் தவிர ராணுவத்தோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்தச் சம்பந்தத்தையும் வெளியில் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டார். ஆனாலும் பைன் மரத்தடியில் ஒரு சிப்பாய் ஊதுகொம்போடு விறைப்பாக நின்றான்.

"அவர் ராணுவத்துல இருந்ததே இல்ல சார்" என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"அதனால என்னம்மா? கொம்புக்கு ஆள் போட்டாச்சு" என்றார் கர்னல்.

கர்னலின் மனைவி மார்லீன் கை நிறைய லில்லிப் பூக்களோடு வந்திருந்தாள். யூதர் சாவுக்குப் பூ வைப்பதில்லை என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டியவள் ரெய்னாதான். அந்த ராணுவக் குடியிருப்பு முழுவதிலும் யூதர்களைப் பற்றி எது கேட்க வேண்டுமென்றாலும் அவளைத்தான் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள், பூவை மட்டும் விட்டுவிட்டாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது சூரியனை. சடங்கை நடத்த வந்து எதிரே நின்ற டாக்டர் பெர்லோவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பொழுது சாய்ந்தால் யூதர்களின் குடில் பண்டிகை. பண்டிகை வந்துவிட்டால் துக்கம் கிடையாது. செத்தவருக்காக ஏழு நாள் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பது வழக்கம். ஆனால் பண்டிகைக்கு முன்னால் புதைத்தால், வீட்டுக்கு வந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்தாலே போதும். மீதி நாட்களைப் பண்டிகை துடைத்துவிடும். ஆக, கர்னல் வாயைத் திறந்திருந்த ஒவ்வொரு நிமிடமும் மில்டனின் துக்கத்திலிருந்து கழிந்துகொண்டிருந்தது.

அந்தத் துக்கத்துக்கு உட்கார்வதாக ரெய்னா அவரிடம் முந்தின நாள்தான் ஒப்புக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் காலை அவள் கொல்லைப்புறத்தில் குடில் கட்டிக்கொண்டிருந்தாள். பலகை, கித்தான், மேலே வெட்டிய கிளைகள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவள்தான் தனியாகக் கட்டுவாள். பண்டிகைகள் எப்போது வரும் என்று மற்ற யூதர்கள் நிலவைப் பார்த்துச் சொல்வார்கள். ரெய்னாவோ ஜோயல் பெட்டி கட்டுவதைப் பார்த்தே சொல்லிவிடுவாள். புத்தாண்டுக்குத் தேன் கேக் அடுப்பில் இருக்கும்போது அவன் விமானத்தில் இருப்பான். நோன்பு நாளில் அவள் பட்டினி கிடக்கும்போது எங்கோ பாலைவனத்திலிருந்து, "நானும் சரியா சாப்பிடல" என்று செய்தி அனுப்புவான்.

மில்டன் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி போனபிறகு அவர்களோடே வந்துவிட்டவர். ராணுவம் வீடு மாற்றச் சொல்லும்போதெல்லாம் சுமைக்காரர்கள் வந்து ஒவ்வொரு சாமானிலும் எண் ஒட்டுவார்கள். "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டுங்கப்பா, தொலைஞ்சிட்டா நஷ்டஈடு கிடைக்கும்" என்பார்.

அன்று குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஒருவன் சிறு வண்டியில் வந்து, இது அனுமதியில்லாத தற்காலிகக் கட்டடம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அந்தக் காலத்துல நம்ம ஜனம் நாப்பது வருஷம் பாலைவனத்துல குடிசை போட்டுச்சு, ஒருத்தனும் அனுமதி கேக்கல" என்றார் மில்டன் சன்னலிலிருந்து. "பொண்ணே, அந்தக் கிளை சாயுது பார்."

"நட்சத்திரம் தெரியற மாதிரி போடுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

"நட்சத்திரம் தெரியணும்னேன். பக்கத்து வீட்டுக்காரன் உள்ளாடை காயறது தெரியணும்னா சொன்னேன்?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"நான் போனா ஜோயல் வரமாட்டான்."

"ஏன் மாமா இந்தப் பேச்சு?"

"உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ உக்காருவியா எனக்காக?"

"மருமக உக்காரணும்னு சட்டம் இல்லையே."

"சட்டத்தைப் பெர்லோகிட்ட கேட்டுக்கறேன். நான் உன்னைக் கேக்கறேன். ஆயுசு முழுக்க ஜனங்களைப் படுக்க வெச்சேன். எனக்காக ஒருத்தராவது உக்காரட்டுமே."

"உக்கார்றேன். இப்ப டீ வேணுமா?"

"வேணும். தண்ணி மாதிரி போடாதே."

டீ போட்டுக் கொண்டுவந்தபோது அவர் கிளையைப் பார்த்தபடியே போயிருந்தார். கிளை உண்மையாகவே சாய்ந்துதான் இருந்தது.

ஜோயலுக்கு மதியம் தொலைபேசி இணைப்புக் கிடைத்தது. அழுதான். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வர முடியாத நிலைமை ரெய்னா" என்றான்.

"என்ன நிலைமை?"

"போன்ல சொல்லக்கூடாது."

பதினைந்து வருடத்தில் அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில். சண்டை மூண்டுவிட்டதோ என்றுகூட ஒரு கணம் பயந்தாள்.

சாயங்காலம் டாக்டர் பெர்லோ வந்தார். ராணுவத்தில் பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். யூத மதகுரு நோன்பு நாளுக்கு வந்துவிட்டு அடுத்த முகாமுக்குப் பறந்துவிட்டதால், இப்போதைக்கு அங்கே மதம் அவர் பொறுப்பில் இருந்தது. பல் பிடுங்குகிற அதே கண்டிப்போடு அதை நடத்தினார். மகன் சொல்லவேண்டிய கதீஷ் பிரார்த்தனையைத் தானே சொல்வதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சொல்லக் குழியருகே பத்து யூதர்கள் நிற்க வேண்டும். விரல் விட்டுப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்தும் ஒன்பதோடு நின்றது.

"நான் இருக்கேனே டாக்டர்" என்றாள் ரெய்னா.

"நீ இருக்கேம்மா. எண்ணிக்கையில இல்ல."

"எங்க ஊர்க் கோவில்ல பொம்பளைங்களையும் எண்ணுவாங்க."

"இது உங்க ஊர் இல்ல. மில்டன் பழைய ஆளு. பழைய முறைப்படி அனுப்புவோம்."

அவள் கைப்பையில் ராணுவம் தந்த அடையாள அட்டை இருந்தது. அதில் அவள் பெயருக்கு மேலே 'சார்ந்திருப்பவர்' என்று அச்சிட்டிருந்தது. அரசாங்கமும் ஆண்டவனும் ஒரே அச்சகத்தில் வேலை கொடுப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். மில்டன் இருந்திருந்தால் அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம்.

பத்துப் பேர் வேண்டும் என்ற செய்தி எப்படியோ கர்னலின் காதுக்கு எட்டியது. ராணுவத்துக்கு ஆள் பிரச்சினை ஒரு பிரச்சினையா? மறுநாள் மதியம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது, ஒரே உயரத்தில், முகம் தெரியும் பளபளப்பில் பூட்ஸ் போட்ட பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள்.

"பத்துன்னீங்க, பத்து!" என்றார் கர்னல், கல்யாணச் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்றவர் போல.

டாக்டர் பெர்லோ வரிசையைப் பார்த்தார். "உங்கள்ல யூதர் யாரு?"

ஒருவன் மட்டும் மரியாதையாக, "யாரும் இல்ல சார். ஆனா நல்லா நிப்போம் சார்" என்றான்.

அப்போதுதான் வரிசையின் கடைசியிலிருந்து சார்ஜென்ட் டக்கெட் ஓரடி முன்னால் வந்தான். நாற்பதை நெருங்குகிறவன், முன்வழுக்கை. ஒரு கணம் ரெய்னாவைப் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து கழுத்துத் தகட்டை எடுத்துக் காட்டினான். பெயர், ரத்த வகை, அதன் கீழே 'யூதர்' என்று பொறித்திருந்தது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பத்து!" என்றார். கண் கலங்கிவிட்டது. "பாத்தியாம்மா? ஆண்டவன் கைவிடல."

ரெய்னாவுக்கு டக்கெட்டைத் தெரியும். ஒவ்வொரு புத்தாண்டுப் பிரார்த்தனைக்கும் வந்து, முன்வரிசையில் நிற்கும் டாக்டரின் கண்ணில் படாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தேன் கேக்கில் மூன்று துண்டு சாப்பிடுகிறவன். ஒருமுறை அவனே சொல்லியிருந்தான்: "மேடம், பயிற்சி முகாம்ல ஞாயித்துக்கிழமை மத்தவனெல்லாம் கக்கூஸ் கழுவணும். யூதப் பிரார்த்தனைக்குப் போனா கேக்கு கொடுப்பாங்க. அன்னிக்கே நான் யூதனாயிட்டேன். இலையுதிர் காலத்துல எவ்வளவு லீவு தெரியுமா!" அவனுடைய அப்பா அலபாமாவில் பாப்டிஸ்ட் பாதிரியார்.

ரெய்னா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கதீஷ் இல்லை. ஏழு தலைமுறை யூதக் குடும்பத்தில் வந்து கேக் சுட்டவள் எண்ணிக்கையில் இல்லை, தின்றவன் இருந்தான்.

இப்போது, குழியருகே, கர்னல் முடிப்பதாகத் தெரியவில்லை. கோட்டையிலிருந்து கொடிக்கு வந்து, கொடியிலிருந்து மேஜர் ஜோயலுக்கு வந்திருந்தார்.

"கடமைன்னா என்னன்னு அவர்கிட்ட கத்துக்கணும்" என்றார். எழுதிவைத்ததை விட்டுவிட்டு மனதிலிருந்து பேசத் தொடங்கியிருந்தார்; அதுதான் ஆபத்து. "செய்தி போன உடனே அவர் லீவுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னதே நான்தான். விமானம்கூடத் தயார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'சார், இந்த வாரம் நான் படைப்பிரிவுப் பொறுப்பை ஏத்துக்கற அணிவகுப்பு. என் இடம் இங்கதான்'னார். அவங்க அப்பாவே பெருமைப்பட்டிருப்பார்!"

மார்லீன் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். டாக்டர் பெர்லோ சூரியனை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். ஜோயல் வந்திருந்தால் அவனே பத்தாவது ஆள் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

ரெய்னாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதற்குத்தான் ராணுவ மனைவிகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை பயிலரங்கு நடத்தினார்கள். அவள் குனிந்து மார்லீனின் கையிலிருந்த லில்லிப் பூக்களை வாங்கித் தரையில் ஓரமாக வைத்தாள். "டாக்டர், ஆரம்பிங்க" என்றாள். கர்னல் இன்னும் வாய் திறந்தபடி நின்றார்.

டாக்டர் கதீஷ் சொன்னார். மற்ற எட்டுப் பேரும் சரியான இடத்தில் ஆமென் சொன்னார்கள். பத்தாமவன் எல்லா இடத்திலும் சொன்னான், எல்லாரையும்விட உரக்க.

மண்ணை உறவினர்கள்தான் தள்ள வேண்டும் என்பது முறை. ரெய்னா ஒரு தடவை மண்வெட்டியால் மண்ணைப் போட்டாள். இரண்டாவது தடவைக்குக் குழி மிச்சமில்லை. நல்லா நிற்பதாகச் சொன்னவர்கள் நல்லா மூடவும் செய்தார்கள். அவர்களுக்கு அதில் பயிற்சி உண்டு. கொம்பு ஊதப்பட்டது. மெத்தைக் கடைக்காரருக்கு அது மிக நீளமாக இருந்தது.

முகாம் வாசலில் வண்டிகள் நின்றன. அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்த காவலன், "மேஜர் எப்படி இருக்கார் மேடம்?" என்று கேட்டான்.

வீட்டில் துக்க முறைப்படி கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடியிருந்தாள். மேசையில் அதே முறைப்படி அவித்த முட்டை. அதைச் சுற்றி படைப்பிரிவுக்காரர்களின் மனைவிமார்கள் கொண்டுவந்த தட்டுகள். முக்கால்வாசியில் யூதர் தொடாத பன்றி இறைச்சி. சமையலறையில் உயரத்திலிருந்து டப்பா எடுக்கப் போட்டுக்கொள்ளும் முக்காலியை இழுத்து நடுக்கூடத்தில் போட்டாள்.

"மருமகளுக்குக் கடமை இல்லம்மா" என்றார் டாக்டர் மெதுவாக. இந்தத் தடவை அவர் குரலில் பல் வைத்தியர் இல்லை.

"தெரியும் டாக்டர். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்."

"போதும்" என்று உட்கார்ந்தாள்.

கர்னலும் மார்லீனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். டாக்டர் வாசலிலேயே அவர்களை நிறுத்தி முறையைச் சொன்னார்: "துக்கத்துல உக்கார்ந்தவங்க முதல்ல பேசற வரைக்கும் வந்தவங்க பேசக்கூடாது. அவ பேசினா பேசுங்க. இல்லேன்னா சும்மா இருங்க."

கர்னலுக்கு இது ஒரு கட்டளையாகப் பட்டது. கட்டளைகள் அவருக்குப் பிடிக்கும். சோபாவில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமலிருந்தார்.

ரெய்னாவுக்கும் அந்த அமைதி பிடித்திருந்தது. முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். மில்டனை நினைக்க வேண்டும், ஒழுங்காக, ஆரம்பத்திலிருந்து. கல்யாணத்தன்று அவர் அவளிடம் சொன்ன முதல் வாக்கியத்தை யோசித்தாள். ஜோயலைப் பற்றி நினைக்கக்கூடாது. இது அவனுடைய நேரம் இல்லை. மில்டனின் முகத்தைக் கொண்டுவருவதற்காகக் கண்ணை மூடினாள்.

"நல்ல பண்டிகை" என்று யாரோ சொன்னார்கள்.

டாக்டர் பெர்லோ அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார். சன்னல் இருட்டியிருந்தது. "பொழுது சாஞ்சிடுச்சும்மா. எந்திரி. இனிமே துக்கம் கிடையாது."

கர்னல் எழுந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மௌனத்தை நான் பாத்ததில்ல" என்றார். மார்லீன் குனிந்து, தன் கைக்குட்டையால் ரெய்னாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "அழுங்க டியர், அழுதுடுங்க" என்றாள்.

அது எச்சில். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்திலேயே ரெய்னா தூங்கிப்போயிருந்தாள்.