வாசலில் காயும் வத்தல்

வங்காளத்துச் சால்ட் லேக்கின் ஐந்தாவது செக்டரில் பூர்ணிமா வேலை பார்க்கும் கம்பெனிக்கு, விண்ணிலிருந்து எடுத்த படங்களின் மேல் எந்தெந்த நாட்டுச் சாலைகளையோ கோடு இழுத்துக் கொடுப்பதுதான் வேலை. மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அவள் இணைய வரைபடத்தைத் திறந்து, டல்லாஸ் பக்கத்தில் ஒரு தெருவுக்குள் நுழைவாள். அவள் புருஷன் செந்தில்நாதன் குடியிருக்கும் தெரு அது. கல்யாணமான மூன்றாம் மாதம் போனவன், இரண்டு வருஷமாக அவளுடைய விசா இழுக்கிறது என்றான், நாலு பசங்களோடு ஒரே அறை என்றான். பொடி பார்சல் அனுப்பக் கொடுத்த விலாசத்தை வைத்து அவள் வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். கூரை மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்த்தே அடுப்படி எந்தப் பக்கம், துணி எங்கே உலர்த்தலாம் என்று மனசுக்குள் குடித்தனம் நடத்தினாள். வெட்கங்கெட்ட மனசு, வேறென்ன சொல்ல?

2009 கோடையில் அந்தத் தெருவுக்குள் நடந்தே போகிற மாதிரிப் படங்கள் வந்தன. அம்புக்குறியை அழுத்த அழுத்த வீடுகள் நகர்ந்தன. அவன் வீட்டு முன்னால், கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் ஒரு புடவை விரித்திருந்தது. வெள்ளையில் அகலமான சிவப்புக் கரை. நான்கு மூலையிலும் கல். மேலே வரிசை வரிசையாகக் கூழ் வத்தல்.

"ஆரே, லால் பார் சாடி! அமெரிக்காவிலா?" என்று, சாப்பிட்டுத் திரும்பிய தாரா பின்னாலிருந்து சிரித்தாள்.

பூர்ணிமா படத்தைப் பெரிதாக்கினாள். பூஜைக்கு வங்காளிப் பெண்கள் கட்டும் அந்தப் புடவையைப் போன வருஷம் கரியாஹாட் கடைகளில் அலைந்து வாங்கி, மன்னார்குடியிலிருந்த மாமியார் விஜயலக்ஷ்மிக்கு அனுப்பியவள் அவள்தான். பக்கத்தில் மடக்கு நாற்காலியில், காக்காய் விரட்டும் குச்சியோடு ஒரு அம்மாள். முகத்தை யாரென்று தெரியாதபடி வரைபடக்காரர்கள் கலைத்திருந்தார்கள். குச்சியை அதட்டலாகப் பிடித்திருந்த கையைக் கலைக்கவில்லை.

முட்டி வலியால் மாமியாருக்குப் போன் பக்கமே வர முடியவில்லை என்று நாலு மாதமாகச் செந்தில்நாதன் சொல்லி வந்தான். அதை நம்பி பூர்ணிமாவின் அம்மா கோமதி மன்னார்குடிக்குத் தைலம் அனுப்பியிருந்தாள். மாமியாருக்கு விசா இழுக்கவில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் அம்மா வீட்டுக்கு அவன் போன் வந்தது. கோமதி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, விசாவைக் கேள் என்று சைகை காட்டினாள்.

"அத்தை எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான். மாடி ஏற முடியலையாம்."

"வத்தல் காஞ்சிடுச்சா?"

"என்ன வத்தல்?"

"உங்க வாசல்ல. நான் எடுத்துக் குடுத்த புடவைல. படத்துல பாத்தேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட நம்பிவிடலாம் என்றிருந்தது அவளுக்கு.

"அந்தப் படமெல்லாம் எப்பவோ எடுத்தது," என்றான்.

அதற்குள் அவனுக்குப் பின்னால் ஒரு குரல், முட்டி வலியெல்லாம் இல்லாமல் நடந்து வந்தது. "காலங்காத்தால யாருடா போன்ல?"

"யாருமில்லம்மா."

அவன் அவசரத்தில் போனைச் சரியாக வைக்கவில்லை. குழாய் திறந்தது. பாத்திரம் விழுந்தது. யாரோ செருப்புக் காலோடு நடந்தார்கள். அடுப்படி எந்தப் பக்கம் என்று இப்போது தெரிந்துவிடும் போலிருந்தது. கோமதி எதிரே நின்று, என்ன சொன்னார் என்று வாயசைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பூர்ணிமா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.