வியாழக்கிழமை, பத்து மணி

இடது பூட்ஸ் ஏறவில்லை. அப்பாவின் கால் வீங்கி, மெழுகு பூசியது போல வழவழவென்று இருந்தது. ஹிலாரியோ மேசை ஓரத்தில் முழங்காலை முட்டுக்கொடுத்து இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தான்.

"பெட்டியோட மேல்பாதியை மட்டுந்தான் திறந்து வைப்போம் தம்பி. கால் யாருக்கும் தெரியாது," என்றார் சவ அடக்க நிலையத்துக்காரர்.

"எங்கம்மாவுக்குத் தெரியும்."

"அப்ப பின்பக்கம் வெட்டிடலாம். நிறைய பேரு அப்படித்தான் பண்றாங்க."

கத்தரிக்கோலைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் போடுகிற பூட்ஸ் அது. எட்டு வருஷமாகியும் அடித்தோல் தேயவில்லை. குதிகாலிலிருந்து மேல்வரை வெட்டியதும் கால் உள்ளே போயிற்று. ஹிலாரியோ பிளந்த தோலை இழுத்து மூடினான். அது மறுபடி வாய் திறந்தது. விட்டுவிட்டான்.

இரண்டு நாளைக்கு முன், திங்கட்கிழமை, வயலில் லெட்டியூஸ் கீரை வரிசையில் அவனுக்கு அடுத்த வரிசையில்தான் அப்பா வெட்டிக்கொண்டிருந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. குனிந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தார். மேஸ்திரி மேலெசியோ அறுவடை மெஷினை நிறுத்தினார். ஆம்புலன்ஸ் மண்பாதையைக் கடந்து நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் மெஷின் திரும்ப ஓடத் தொடங்கியதை, உள்ளே அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த ஹிலாரியோ கண்ணாடி வழியே பார்த்தான். அவனுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. சரக்கு ஏற்ற லாரி காத்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் ஏழெட்டுப் பெண்கள். பெரிய பானையில் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது. யாரோ கொண்டுவந்த இனிப்பு ரொட்டிப் பெட்டிகள் குளிர்பெட்டியின் மேல் கூரையைத் தொட்டன. அம்மா ஒபெலியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பூட்ஸ் போட்டீங்களா?"

"போட்டாச்சும்மா."

"ரெண்டு காலுக்கும்?"

"ரெண்டுக்கும்."

அடக்கம் நாளைக்கு. வியாழக்கிழமை பத்து மணிக்குப் பூசை. சனிக்கிழமை முழுக்க முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குக் கோவிலை ஒதுக்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அடக்கப் பூசை கிடையாது. வெள்ளிக்கிழமை லாரிகள் அதிகம், கூட்டாளிகள் யாரும் வர முடியாது. வியாழன் காலை அரைநாள் மட்டும் மேலெசியோ விட்டிருந்தார். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். அந்த ஆறு பேரும் வயலில் இருப்பவர்கள்.

தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கப் போனவன் கதவில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். வியாழக்கிழமைக் கட்டத்தில் தங்கச்சியின் கையெழுத்து. சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு. 'புள்ளியியல் - இறுதித் தேர்வு - 10.'

யாதிரா பின்கட்டில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பரீட்சையா உனக்கு?"

"ஆமா."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? அப்பாவ நீங்க புதைங்க, நான் போயி கணக்குப் போட்டுட்டு வரேன்னா?"

"எழுதலன்னா என்னாகும்?"

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "இதுல தேறினாத்தான் பல்கலைக்கழகத்துல சீட்டு. அங்கேருந்து வந்த கடுதாசியிலயே போட்டிருக்கான். போன வருஷமே ஒருதடவ கோட்டை விட்டது. இன்னொரு தடவன்னா அடுத்த வருஷந்தான். அதுக்குள்ள இடம் போயிரும்."

"டீச்சரம்மாகிட்ட கேட்டுப் பாரேன்."

"என்னத்தக் கேக்கறது? முதநாளே தாள்ல அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க. தேர்வைத் தவறவிட்டா பூஜ்யம். அவ்வளவுதான்." பிறகு தலைநிமிர்ந்து, "நீ மட்டும் மேஸ்திரிகிட்ட என்னிக்காவது கேட்டிருக்கியா?" என்றாள்.

வயலில் யாரும் கேட்டதில்லை. ஒருநாள் வரவில்லையென்றால் மறுநாள் உன் வரிசையில் வேறொருத்தன் குனிந்திருப்பான். போய்க் கேட்டால் பெயர் மனசில் பதிந்துவிடும். கேட்கிறவன் என்று ஒருத்தனுக்குப் பேர் வந்துவிட்டால், ஆள் குறைக்கும்போது முதலில் அவன்தான். அப்பா அதைச் சொல்லித் தந்ததில்லை. அப்படியே இருந்தார், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், யாதிரா இப்போது படிக்கும் அதே கல்லூரியில் ஹிலாரியோவும் சேர்ந்திருந்தான். 'உங்கள் கல்வி இலக்கு என்ன?' என்று சேர்க்கைத் தாளில் கேட்டு, கீழே கட்டங்கள் போட்டிருந்தார்கள். தொழில் சான்றிதழ், இரண்டு வருஷப் பட்டம், பல்கலைக்கழகத்துக்கு மாறுதல். அவன் கடைசிக் கட்டத்தில் குறியிட்டான்: இன்னும் முடிவு செய்யவில்லை. அக்டோபரில் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வரிசை கைவிட்டுப் போகாமலிருக்க மூன்று வாரம் அவருக்குப் பதிலாக இவன் போய் வெட்டினான். மூன்று வாரம் வகுப்புக்கு வராதவன் பேரை அடித்திருப்பார்கள் என்று திரும்பிப் போகவில்லை. டிசம்பரில் தபாலில் வந்த மதிப்பெண்களும் அதையே சொல்லின.

யாதிராவின் முறை வந்தபோது அதே கேள்வி கணினித் திரையில் வந்தது. அவள் யோசிக்கவேயில்லை. மாறுதல். பக்கத்தில் நின்ற அப்பா கேட்டார்:

"அது எவ்ளோ தூரம்?"

"நாலு மணி நேரம்ப்பா."

"அங்க லெட்டியூஸ் விளையுதா?"

"இல்லப்பா."

"அப்ப நல்ல ஊருதான்."

ஹிலாரியோ சமையலறைக்குள் தலையை நீட்டி, ஐஸ் வாங்கி வருவதாகச் சொன்னான். நேராகக் கல்லூரிக்கு ஓட்டினான்.

நாற்பது நிமிஷம். வழி முழுக்கச் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். கூட்டாளி ஒருத்தன் குடித்துவிட்டு மூன்று நாள் வராமல் போய், மேலெசியோவின் வாசலில் நின்று அழுதது ஞாபகம் வந்தது. அந்த மாதிரி நிற்கவேண்டி வந்தாலும் நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் மாடியில் சின்ன அறை. யாதிராவுக்குப் புள்ளியியல் நடத்தும் பேராசிரியை ஹால்வர்சன் கணினிக்கு முன்னால் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். ஹிலாரியோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். சவ அடக்க நிலையத்தார் கொடுத்த தாள் சட்டைப்பையில் இருந்தது.

"நான் யாதிரா பர்ராகானோட அண்ணன். எங்கப்பா திங்கட்கிழமை தவறிட்டாரு. அடக்கம் நாளைக்குப் பத்து மணிக்கு. அவ நல்லாப் படிக்கிறவ. சும்மா சாக்கு சொல்றவ கிடையாது..."

"ஐயோ," என்று எழுந்தார் அந்த அம்மாள். "ரொம்ப வருத்தமா இருக்குங்க. திங்கட்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்க. இங்கயே எழுதட்டும். திங்கள் முடியுமா, இல்ல செவ்வாய் வச்சுக்கலாமா?"

அவன் தாளை எடுத்து நீட்டினான்.

"அதெல்லாம் வேணாங்க. எனக்கு ரெண்டு வரி எழுதிப் போட்டிருந்தாலே போதுமே. எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?"

முடிந்துவிட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சொல்லிப் பார்த்து வந்ததில் பாதிக்குமேல் அப்படியே வாயில் இருந்தது. ஹிலாரியோ நகராமல் நின்றான்.

"வேற ஏதாவது இருக்கா?"

"ஒருத்தன்... மூணு வாரம் வகுப்புக்கே வரலன்னா?"

"என்ன காரணத்துக்கு?"

"அப்பாவுக்கு முதுகு முடியல. வேலைக்குப் போகவேண்டியதாப் போச்சு."

"வந்து சொன்னா ஏதாவது வழி பண்ணலாமே. விட்டதை எழுதிக் குடுக்கலாம். இல்ல, அந்தப் பாடத்தை மட்டும் விட்டுட்டு அடுத்த தடவ எடுத்துக்கலாம். தங்கச்சிக்குத் தெரிஞ்ச பையனா? என்னை வந்து பாக்கச் சொல்லுங்க."

"அவன் வரமாட்டான்மா. வேலையில இருக்கான்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினான். வண்டியில் ஏறி, சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். மாணவர்கள் காபியோடு சிரித்துக்கொண்டு போனார்கள். எவனுக்கும் அவசரமில்லை. வழியில் ஐஸ் வாங்க மறக்கவில்லை.

யாதிரா கேட்டதும் வெடித்தாள். "யாரு உன்னப் போகச் சொன்னா? என்னன்னு நெனப்பாங்க என்னைப் பத்தி?"

"ஒண்ணும் நெனக்கல. சாண்ட்விச் தின்னுட்டு இருந்தாங்க."

"திட்டலையா?"

"செவ்வாக்கிழமை வேணுமான்னு கேட்டாங்க."

அவள் வாளியில் மறுபடி உட்கார்ந்தாள். வெங்காயம் எல்லாம் நறுக்கி முடிந்திருந்தது. திங்கட்கிழமை மாலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள், சத்தமில்லாமல், முன்கையால் வாயைப் பொத்திக்கொண்டு. ஹிலாரியோ ஐஸ் மூட்டையைத் தோளில் வைத்தபடி நின்றான். முதுகில் தண்ணீர் இறங்கியது.

வியாழக்கிழமை பூசை முடிந்து கல்லறைக்கு வந்தார்கள். மண்ணைத் தள்ளக் கல்லறை நிர்வாகத்தின் சின்ன மெஷின் ஓரமாக நின்றது. அதை ஓட்டுகிறவனைச் சிகரெட் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கூட்டாளிகள் வண்டிகளிலிருந்து தங்கள் மண்வெட்டிகளை எடுத்துவந்தார்கள். தங்கள் ஆளைத் தாங்களே மூடுவதுதான் வழக்கம். ஹிலாரியோ மேல்கோட்டைக் கழற்றி யாதிராவிடம் கொடுத்துவிட்டு முதல் மண்ணைப் போட்டான்.

பாதிக்குழி நிரம்பியதும் மேலெசியோ பக்கத்தில் வந்தார். கண் சிவந்திருந்தது. அப்பாவும் அவரும் ஒரே வருஷம் வயல் வேலைக்கு வந்தவர்கள்.

"நாளைக்கு வேணாண்டா. வீட்ல இரு. சனிக்கிழமை வந்தாப் போதும்."

"நாளைக்கே வரேன் மேஸ்திரி." ஹிலாரியோ மண்வெட்டியை ஊன்றினான். "திங்கட்கிழமை எனக்கு லீவு வேணும்."

பக்கத்தில் நின்றவனின் மண்வெட்டி நின்றது. அடுத்தவனுடையதும்.

"எதுக்கு?"

"தங்கச்சியைப் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"பஸ் ஓடலையா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன?"

"நான் கூட்டிட்டுப் போகணும்."

மேலெசியோ அவனைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். எல்லோரும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் ஒருத்தன்கூட மண் தள்ளவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

"ஒன்பது."

மேலெசியோ தலையை ஆட்டினாரா, குனிந்தாரா என்று தெரியவில்லை. கீழே கிடந்த ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியின் மறுபக்கம் போனார். மண் மறுபடி விழத் தொடங்கியது. முதலில் ஒருவர் கையிலிருந்து, பிறகு எல்லோர் கையிலிருந்தும்.