ஞாயிற்றுக்கிழமைக் கயிறு

பிள்ளைகள் இல்லத்தின் நிதி விழாவில் இறந்துபோனதாக அறிவிக்கப்பட்ட இஸ்திரிக்காரி, மறுநாள் காலை வழக்கம்போல எழுந்தாள். கால் மட்டும் தரையில் பதியவில்லை. ஒரு சாண் மேலே நின்றது. கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்ததும் பாதம் தரையைத் தொட்டது. பெட்டியின் கனம் அவளுக்குப் பழகியதுதான் என்பதால், அன்றைய துணிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கால் ஏன் மேலே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. குடிக்குக் கடன் வாங்கிய கணவன், கடன் கொடுத்தவர்களை வீட்டுக்கே கூட்டிவர ஆரம்பித்தபோது, மகளை இந்த இல்லத்தில் கொண்டுவந்து விட்டவள் அவள். "ஞாயித்துக்கிழமை தவறாம வாங்க. இனிமே அவ எங்க பொண்ணும்தான்," என்று செயலாளர் சொல்லியிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. மழை ஒழுகினால் பிள்ளைகளின் பாய்களைத் தானே நகர்த்திப் போடுவார்.

நிதி திரட்டுவது எப்படி என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். சாப்பாட்டுக்கு முன்பே பேசிவிட வேண்டும். பிறகென்றால் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பெரியவர் பேசினால் கட்டடக் கணக்குதான் காதில் விழும்; அதனால் பிள்ளை பேச வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அம்மா இருந்தால், கேட்பவர்களுக்கு 'அவ என்ன பண்றா?' என்று தோன்றிவிடும், பைக்குள் போன கை வெறுமனே திரும்பிவிடும். இதைப் பல விழாக்களில் கவனித்த செயலாளர், இஸ்திரிக்காரியின் மகளுக்கு ஒரு வரி சொல்லிக்கொடுத்தார். "எனக்கு அம்மா இல்லை" என்று சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, "இந்த வீடுதான் அம்மா" என்று முடிக்க வேண்டும். "நாடகம் மாதிரிதாம்மா," என்றார். பள்ளி நாடகத்தில் மரமாக நின்றவள் இதையும் சரியாகச் செய்தாள். ஒழுகாத கூரை வந்தது.

விழாவுக்கு விழா அம்மா இன்னும் உயர்ந்தாள். இடுப்பில் ஒரு கல்லையும் கட்டிக்கொண்டு ஞாயிறுகளில் வந்தாள். "என்னக்கா, பறந்தே வந்துட்டீங்களா? பஸ் காசு மிச்சம்," என்பான் காவலாளி, அவளும் சிரிப்பாள். விடுதி மாடிக்கான விழாவில் மேசை விரிப்புகளைத் தேய்த்துக்கொடுக்க, யாரோ விவரம் தெரியாமல் அவளையே கூப்பிட்டுவிட்டார்கள். மண்டபத்தின் பின்னறையில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது மகளின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மூச்சு நிறுத்த வேண்டிய இடத்தில் அழகாக நிறுத்தினாள். அம்மாவின் கை பெட்டியை விட்டது. கட்டியிருந்த கல்லும் போதவில்லை. முதுகு கூரையில் போய் இடித்தது. விரிப்பு கருகும் வாசனைக்கு ஓடிவந்த செயலாளர், முதலில் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிறகுதான் மேலே பார்த்தார்.

"உங்கள நம்பித்தானே சார் விட்டேன்."

"இந்த மாடி மட்டும்தாம்மா. அடுத்த விழாவுல மேடையிலயே சொல்லிடறேன், நீங்க இருக்கீங்கன்னு."

"பிள்ளைங்களுக்காகன்னு கேட்டிருந்தா, நானே செத்துப்போயிட்டேன்னு சொல்லிட்டுப் போயிருப்பேனே. கேக்கவே இல்லையே சார்."

அவர் ஏணி கொண்டுவரப் போனார்.

மாடி முடிந்ததும் பள்ளிக்கூடம் ஆரம்பமானது. மகள் இனிச் சொல்ல மாட்டேன் என்றாள். செயலாளர் கோபிக்கவில்லை, அந்த வரியை 'அப்பா' என்று மாற்றி, ஒரு பெயிண்டரின் மகனுக்குக் கொடுத்தார். அடுத்த வாரம் பெயிண்டருக்கு ஏணி தேவைப்படவில்லை. முன்பு சொன்னதைத் திருத்த யாரும் மேடையேறாததால் அம்மாவும் இறங்கவில்லை. பள்ளி நல்ல பள்ளி. யாரும் குறை சொல்ல முடியாது. வாசலில் குடைகள் மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் இப்போது கயிறுகள் தொங்குகின்றன. கயிறு சிக்குகிறது என்று முற்றத்து மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்டார்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இஸ்திரிக்காரியின் மகள்தான் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கிறாள்: "அவங்க கையில கட்டாத, வலிக்கும். இடுப்புல கட்டு. காத்தடிச்சா ரெண்டு சுத்து." ஞாயிறு மாலை மணி அடித்ததும் அம்மாவை மெல்லக் கீழே இழுத்து, கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்து, முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி அதன் இடத்தில் மாட்டிவிட்டுப் படிக்கப் போகிறாள்.