அருள்பிரகாஷ் இல்லாத ஸ்பீக்கர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. காவிரித் தண்ணீர் மேலேயே சத்தியம் செய்திருப்பேன். ஆனால் இது நடந்த வருஷம் தண்ணீர் வரவில்லை. ஆகவே காவிரி மணல் மேல் சத்தியம். லாரிக்காரர்கள் அள்ளியது போக மிச்சமிருந்த மணல்.

பொறையாறு பக்கம் கடைமடையில் குழந்தைராஜ் என்று ஒருவர். சார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இளமையைக் கழித்துவிட்டு, இடுப்பு வலியோடு ஊர் திரும்பியவர். அவர் வந்து பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் அவர் மனைவி ஃபிளோரா, மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறிவிட்டாள். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி அந்த வீட்டில் வளைகுடாவுக்கும் முறை. ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும். இருவரும் சேர்ந்து ஊரில் இருந்த நாட்களில் பாதி, சாமான் கட்டுவதிலேயே போனது.

மகள் ஆஷ்லின் படிப்புக்கென்று ஃபிளோரா அனுப்பிய காசில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது வந்து சேர்ந்த கையோடு ஆஷ்லினுக்குத் திருச்சியில் காலேஜ் கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் மட்டும் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடுக்கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்கு வாய் கிடையாது. படிக்கிறதுக்கு எதற்கு ஸ்பீக்கர் என்று வாங்காமல் விட்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஊர் வேதக்கோயிலில் கூரை ஓடு மாற்றுகிற நிதிக்காக ஒரு சிடி விற்றார்கள். குழந்தைராஜ் சார்ஜாவில் இருந்த கடைசி வருஷம், அறுப்பின் பண்டிகை ஆராதனையில் பாடகர் குழு பாடியதை அப்படியே பதிவு செய்தது. அவர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார். ஒன்று கேட்க, ஒன்று வைத்துக்கொள்ள.

காரணம், ஃபிளோரா பாவாடை தாவணி காலத்திலிருந்தே அந்தக் குழுவில் ஆல்டோ. ஆல்டோ என்றால், மேலே மெட்டைத் தூக்கிக்கொண்டு போகிற பெண்களுக்கும் கீழே உறுமுகிற ஆண்களுக்கும் நடுவில் பாடுகிறவர்கள். தூணுக்குள் இருக்கிற கம்பி மாதிரி. இருக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் பாட்டு மாஸ்டர் திட்டுவார். ஃபிளோரா ஒருநாளும் திட்டு வாங்கியதில்லை.

வீட்டில் மீன் அலசும்போதும் அவள் அந்த நடுக்குரலைத்தான் பாடுவாள். புதிதாகக் கேட்பவருக்கு அது வழி தவறி வந்த பாட்டாகத் தெரியும். கல்யாணமான புதிதில் குழந்தைராஜும் அப்படித்தான் நினைத்தார். அப்புறம் காது பழகிப்போய், கோயிலில் முழுப் பாட்டையும் கேட்கும்போது, எல்லாரும் தப்பாகப் பாடுகிறார்களே என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. இப்போது வீட்டில் அந்தப் பாட்டும் இல்லை, மீனும் இல்லை. தனக்கென்று ஒரு ரசம் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை ஃபோன் வரும். பாடச் சொன்னால், "ஃபோன் பூத்துக்கு வெளியில ஜனம் நிக்குது, நான் எங்கங்க பாடுறது?" என்பாள்.

"அறுப்பின் பண்டிகை சிடி வாங்கியிருக்கேன் ஃபிளோரா. ஒரு ஸ்பீக்கர் வாங்கி உன் குரலைக் கேட்கப் போறேன்."

"அதையா? அது நல்லாவே இருக்காதுங்க. அந்தக் காசுக்கு உரம் வாங்கிப் போடுங்க."

"தண்ணியே இல்ல. உரத்தை வாங்கி நான் திங்கவா?"

"அப்ப வேற ஏதாச்சும் சிடி போட்டுக் கேளுங்க."

வெட்கப்படுகிறாள் என்று குழந்தைராஜ் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

வைக்கோல் விற்ற காசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாயவரம் போனார். கடைக்காரர் சிடியைப் போட்டார். முதல் வரியிலேயே ஹெட்மாஸ்டர் அருள்பிரகாஷ் குரல்தான் கேட்டது. குழுவில் அடிக்குரல் அவர்தான். அவர் ஆமென் சொன்னால் கோயில் சுவரில் இருக்கிற பல்லிகள் வாலை உதிர்த்துவிடும். திங்கட்கிழமை அள்ளிப் போட ஒரு முறம் வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் ஒசந்ததாக் காட்டுங்க" என்றார் குழந்தைராஜ்.

ஒசந்ததில் அருள்பிரகாஷ் இன்னும் தெளிவாகக் கேட்டார். கும்பகோணத்தில் அதைவிட நல்ல கடை. அங்கே அருள்பிரகாஷ் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மஸ்கட்டில் இருக்கிற மனைவியைக் கேட்கப் புறப்பட்டால், பக்கத்துத் தெருவில் இருக்கிறவர் விலை ஏற ஏற நெருங்கி வந்துகொண்டிருந்தார்.

கடைசியில் தஞ்சாவூர், கீழவாசல், மீரா உசேன் கடை. மீரா உசேன் ஸ்பீக்கரை விற்பதற்குத் தனி முறை வைத்திருந்தார். பெட்டி மேல் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, பாட்டைப் போடுவார். அரிசி எவ்வளவு உயரம் குதிக்கிறதோ அவ்வளவு விலை. டெல்டாக்காரனுக்கு வாட்ஸ் என்றால் புரியாது, அரிசி என்றால் புரியும் என்பது அவர் கட்சி. போன மாசம் ஒரு பெரிய பெட்டி மேல் தெரியாமல் நெல்லை வைத்துவிட்டாராம். ஒரே பாட்டில் உமி தனியாக, அரிசி தனியாகப் பிரிந்துவிட்டது. அதை ஒரு ரைஸ்மில்காரர் வாங்கிக்கொண்டு போனார். இப்போது அந்த மில்லில் கரண்ட் செலவு பாதி. குருணைதான் கொஞ்சம் அதிகம்.

"பாருங்கண்ணே, பொன்னி எப்படிக் குதிக்குதுன்னு!"

"எனக்கு அரிசி குதிக்க வேண்டாம் பாய். அடிச்சத்தமே வேண்டாம்."

மீரா உசேன் தட்டைக் கீழே வைத்தார். "கல்யாண வீட்டுக்கு வந்து சோறு வேண்டாங்கிறீங்களே. வேற என்னதான் வேணும்?"

"ஒரு பொம்பளை குரல் கேட்கணும்."

கடையில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"யாரு குரல்?"

"எம் பொண்டாட்டி குரல்."

அவர்கள் மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மீரா உசேன் மட்டும் திரும்பவில்லை. அவரும் ஜித்தாவில் இருந்தவர். கடையில் இருந்த எல்லாவற்றிலும் சிடியைப் போட்டுக் காட்டினார். எல்லாவற்றிலும் அருள்பிரகாஷ் வந்தார். அரிசி தரையெல்லாம் சிதறி, தெருக் கோழி ஒன்று உள்ளே வந்து மேய்ந்துவிட்டு, அங்கேயே முட்டையும் இட்டுவிட்டுப் போனது.

"பாஞ்சாயிரம் ரூபாய் பெட்டியிலயும் அந்த ஆளுதாண்ணே வர்றாரு. யாரு அவரு?"

"ஹெட்மாஸ்டர்."

"அதான்."

கல்லாவுக்கு அடியில், யாரோ திருப்பிக் கொடுத்த ஒரு ஜோடி கிடந்தது. ஒவ்வொன்றும் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. "இது ஒத்தக் காதுண்ணே. இடப்பக்கம்தான் பேசும், வலப்பக்கம் செத்துப்போச்சு. சும்மா போட்டுப் பாருங்க" என்று மீரா உசேன் ஒயரைச் செருகினார்.

அரிசி ஒரு மணிகூட அசையவில்லை. ஆனால் அருள்பிரகாஷ் போய்விட்டார்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அந்தக் கோயிலில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். பாட்டுக்கு நின்றாலும் அதே வரிசை. பதிவு செய்தவன் பக்கத்துக்கு ஒரு மைக் வைத்திருந்தான். வலது காது செத்ததும் ஆண்கள் கூண்டோடு வெளியே போய்விட்டார்கள்.

குழந்தைராஜ் குனிந்து, காதை அந்தச் சின்னப் பெட்டியின் மேல் வைத்தார். மேலே மெட்டைப் பாடுகிற பெண்களின் கூச்சல். அதற்குக் கீழே, எங்கிருந்தோ, கடைமடைக்கு வருகிற தண்ணீர் மாதிரி மெலிசாக, நின்று நின்று, வழி தவறிய அந்தப் பாட்டு வந்தது. மீன் அலசுகிற பாட்டு. இடுப்பு வலிக்காரர் குனிந்தபடியே முழுப் பாட்டையும் கேட்டார். நிமிர்ந்தபோது அவருக்கு இடுப்பு வலி இல்லை. மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

"வலப்பக்கத்தையும் சரி பண்ணித் தரட்டுமாண்ணே? ஒரு ஒயருதான்."

"கை வச்சீங்கன்னா தெரியும் பாய்!"

மீரா உசேன் அரை விலைதான் கேட்டார். கோழி முட்டையையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

அதற்கப்புறம் குழந்தைராஜ் சுவரைப் பார்த்துச் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு, பாட்டைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கவளமாகச் சாப்பிட்டார். வாய்க்கால் காய்ந்து மண்ணுக்குள் போயிருந்த தவளைகள் மேலே வந்து, ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, நடுக்குரலில் கத்தின. அந்த வட்டாரத்துத் தவளைகள் இன்றைக்கும் அப்படித்தான் கத்துகின்றன, போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

விஷயம் தெரிந்து அருள்பிரகாஷ் ஒருநாள் தன் குரலைக் கேட்க வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாட்டு முடிகிறவரைக்கும் காத்திருந்தார்.

"என்னப்பா, என்னைக் காணோம்?"

"ஆமாங்க சார்."

"ஸ்பீக்கர் ரிப்பேர்ப்பா இது."

"ஆமாங்க சார். ஊர் ஊராத் தேடி வாங்குனேன்."

ஹெட்மாஸ்டர் காபி குடிக்காமல் போனார்.

வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது. குழந்தைராஜ் ஹலோகூடச் சொல்லவில்லை. "கேட்டுட்டேன் ஃபிளோரா!"

லைன் போய்விட்டதோ என்று அவர் ஃபோனைத் தட்டினார்.

"இருக்கியா?"

"இருக்கேங்க. நல்லாக் கேட்டுச்சா?"

"எம் பக்கத்துல நின்னு பாடுற மாதிரி. மூணாவது சரணத்துல ஒரு இடத்துல மூச்சு வாங்குற பாரு, அது வரைக்கும் கேட்குது. தினம் அந்த இடத்துலதான் நான் சோத்துல கை வைக்கிறது."

பூத்துக்கு வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டுவது குழந்தைராஜுக்கே கேட்டது. ஃபிளோரா போகவில்லை.

"அன்னைக்கு எனக்குக் கொஞ்சம் சளிங்க. அதான் மூச்சு வாங்கியிருக்கும்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வாயையும் ஃபோனையும் சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டு, அந்தச் சரணத்தின் நடுக்குரலை இரண்டு வரி பாடினாள். குழந்தைராஜ் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சிடியில இருக்கிற அதே குரல்!" என்றார்.

சிடியில் பதிவான அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகையன்று ஃபிளோரா அம்மை போட்டுக் காரைக்காலில் அக்கா வீட்டில் படுத்திருந்தாள். சார்ஜாவில் இருக்கிறவர் பதறுவாரே என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.